ஒரு வெண்கல வில்லையின் பயணம்

பரம்வீர் சக்ராவின் விட்டம் 35 மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் மறைந்துவிடும். நடுவில் நாட்டின் சிங்க முத்திரை, அதைச் சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள். மறுபுறம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதக்கத்தின் பெயர், இரண்டு தாமரைகள். மேலே 32 மில்லிமீட்டர் அகலத்தில் ஊதா நாடா. அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. வரிசையில் இதற்கு அடுத்து வரும் மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. எல்லாவற்றுக்கும் மேலான இது வெறும் வெண்கலம். போர்க்களத்தில் ஒரு வீரன் காட்டிய துணிவுக்கு இந்திய அரசு தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை இவ்வளவுதான். 1947 முதல் இன்றுவரை அதைப் பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருடைய மார்பை அது தொட்டதே இல்லை.

அதற்கு முன்பு இந்தியச் சிப்பாய்களுக்கு இருந்தது வெள்ளையர் தந்த விக்டோரியா கிராஸ். 1856இல் உருவான அந்தப் பதக்கத்தைப் பெறும் தகுதியே இந்தியர்களுக்கு 1911இல்தான் கிடைத்தது. விடுதலைக்குப் பிறகு ஒரு புது நாடு தன் வீரர்களுக்கு அந்நிய அரசரின் பதக்கத்தைச் சூட்ட முடியாது. புதிதாக ஒன்று வேண்டும் என்று நேரு விரும்பினார். அந்தப் பொறுப்பு ராணுவத் தலைமையகத்தில் இருந்த மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடலிடம் வந்தது. அவர் வடிவமைக்கச் சொன்னது ஓர் ஓவியக் கல்லூரியிடமோ அரசு நாணயச் சாலையிடமோ அல்ல. சக அதிகாரி ஒருவரின் மனைவியிடம்.

சாவித்ரி பாய் கானோல்கர் பிறந்தது ஸ்விட்சர்லாந்தில், 1913ஆம் ஆண்டில். தந்தை ஹங்கேரியர், தாய் ரஷ்யர். பெற்றோர் வைத்த பெயர் ஈவ். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த விக்ரம் கானோல்கர் என்ற மராட்டிய இளைஞரைச் சந்தித்தபோது அவர் பள்ளி வயதுப் பெண். வீட்டார் தடுத்தும் கேட்காமல் இந்தியாவுக்கு வந்து 1932இல் அவரை மணந்தார். சாவித்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டார். மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் கற்றார். புராணங்களையும் வேதாந்தத்தையும் ஊன்றிப் படித்தார். பிறந்த மண்ணால் இந்தியர் இல்லாத ஒருவர் இந்நாட்டுக் கதைகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் போனார் என்பதற்கு அந்த வெண்கல வில்லையே சாட்சி.

அவர் தேர்ந்தெடுத்தது ததீசி முனிவரின் கதை. விருத்திராசுரனை எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியவில்லை. முனிவர் ஒருவரின் எலும்பால் செய்த ஆயுதம்தான் அவனை வெல்லும் என்று தேவர்கள் அறிகிறார்கள். இந்திரன் ததீசியிடம் போய் நிற்கிறான். முனிவர் மறுக்கவில்லை, யோகத்தில் அமர்ந்து உயிரை விடுகிறார். அவருடைய எலும்பிலிருந்து வஜ்ராயுதம் பிறக்கிறது. போர்ப் பதக்கம் என்றால் வாளைப் பொறிப்பதுதான் வழக்கம். சாவித்ரி பொறித்தது உடம்பையே கொடுத்துவிட்டவரின் எலும்பை. வெற்றியைப் பற்றி அந்தப் பதக்கம் எதுவும் சொல்வதில்லை. கொடுத்தவரைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உலகின் வீரப் பதக்கங்களில் இதற்கு இணையான கருத்தோடு அமைந்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

1950 ஜனவரி 26, குடியரசு பிறந்த அதே நாளில் பதக்கமும் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கு அது பொருந்தும் என்று முன்தேதி இடப்பட்டது. ஏனென்றால் காஷ்மீரில் போர் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. பதக்கம் பெறவேண்டியவர்களில் சிலர் பதக்கம் பிறக்கும் முன்பே செத்துப்போயிருந்தார்கள்.

அவர்களில் முதல்வர் மேஜர் சோம்நாத் சர்மா, குமாவோன் படைப்பிரிவின் 4ஆம் பட்டாலியன். ஹாக்கி ஆட்டத்தில் கை முறிந்து இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார். களத்துக்குப் போகத் தேவையில்லை என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். தன் கம்பெனி போகும்போது தான் இருக்க முடியாது என்று கூடவே விமானம் ஏறினார். 1947 நவம்பர் 3ஆம் தேதி, ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு அருகே பட்காமில், பல மடங்கு பெரிய படை ஒன்று மூன்று பக்கமும் சூழ்ந்து வந்தது. விமான நிலையம் விழுந்தால் பள்ளத்தாக்குக்குள் படை இறங்க வழியே இல்லை. ஆட்கள் குறையக் குறைய, கட்டுப்போட்ட கையோடு சர்மாவே இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெடிபொருள்களுக்கு நடுவே ஒரு மோர்ட்டார் குண்டு வந்து விழுந்தது. சில நாட்கள் கழித்து உடல் கிடைத்தபோது அடையாளம் காட்டியவை இடுப்பிலிருந்த தோல் உறையும் சட்டைப் பையிலிருந்த கீதையின் தாள்களும்தான் என்று சொல்வார்கள். அந்த மாலைப் பொழுது கொடுத்த அவகாசத்தில் விமான நிலையத்துக்குக் கூடுதல் படை வந்து சேர்ந்தது.

முதல் பதக்கம் அவருக்கு. சாவித்ரியின் மகள் குமுதினி மணந்தது சோம்நாத்தின் தம்பியை. வரைந்த கையிலிருந்து புறப்பட்ட பதக்கம் தன் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கே முதலில் போய்ச் சேர்ந்தது. இதை யாரும் திட்டமிடவில்லை.

காஷ்மீர்ப் போருக்கு மட்டும் ஐந்து பதக்கங்கள். அவற்றில் மூன்று இறந்தவர்களுக்கு. ராமா ராகோபா ராணேவும் லான்ஸ் நாயக் கரம் சிங்கும் உயிரோடிருந்து பெற்றார்கள். 1961இல் பதக்கம் நாட்டு எல்லையைத் தாண்டியது. காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, எலிசபெத்வில் நகரில் சாலைத் தடுப்பு ஒன்றை உடைக்கும் முயற்சியில் விழுந்தார்.

ஒரு பதக்கம் எப்படிக் கிடைக்கிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். வீரன் விண்ணப்பிப்பதில்லை. அருகில் இருந்து பிழைத்தவர்கள் சொல்கிறார்கள், கட்டளை அதிகாரி எழுதுகிறார், அது படிப்படியாக மேலே போய்க் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வருகிறது. பெயர், படைப்பிரிவு, இடம், நாள், செய்த செயல். நம் நாட்டில் செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களிலும் இதே விவரங்களைத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஆநிரையை மீட்கையில், யாருடைய ஆள், இன்னான் பட்டான் என்று. ஆயிரம் ஆண்டுக்கு மேலான இடைவெளியிலும் வேண்டியிருப்பது ஒன்றுதான். பார்த்தவன் ஒருவன் இருக்க வேண்டும், அவன் சொல்வதை நம்பி எழுதுபவன் ஒருவன் இருக்க வேண்டும்.

நம்பாமல் போனால்? 1962 நவம்பர் 18, லடாக்கின் ரெசாங் லா. 13 குமாவோனின் சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில், 16,000 அடிக்கு மேலான உயரத்தில் நின்றது. நடுவே மலை இருந்ததால் பீரங்கி உதவி கிடைக்கவில்லை. சுமார் 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயத்தோடு கிடந்த மேஜரைத் தூக்கிச் செல்ல வீரர்கள் முயன்றபோது, தன்னை விட்டுவிட்டுப் போகும்படி கட்டளையிட்டார். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னார்கள். கடைசித் தோட்டா வரை ஒரு கம்பெனி முழுக்க நின்று செத்தது என்பதை முதலில் பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் பனி கொஞ்சம் விலகி, ஓர் ஆட்டிடையர் பார்த்துச் சொன்ன பிறகு ஆட்கள் மேலே போனார்கள். உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் அவரவர் இடத்திலேயே இருந்தன. கைகளில் துப்பாக்கி. மருத்துவ உதவியாளரின் கையில் ஊசி. பாறை ஒன்றின் அருகே ஷைத்தான் சிங். பிழைத்தவர்கள் சொன்னது ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று செத்தவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அந்தச் சில மாதங்களில், உண்மை சொல்லியும் நம்பப்படாமல் இருந்த அந்தச் சிப்பாய்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், அவர்களுக்கும் ஒரு பதக்கம் வேண்டும் என்று தோன்றுகிறது.

சீனாவோடு நடந்த அதே போரில், ஷைத்தான் சிங்கின் பதக்கம் தவிர, இன்னும் இரண்டு பதக்கங்கள் விசித்திரமான வழிகளில் போயின. பாங்காங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல்சாவடியை 8 கூர்க்கா ரைபிள்ஸின் மேஜர் தன் சிங் தாப்பா காத்து நின்றார். சாவடி விழுந்தது. அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, மறைவுக்குப் பிந்தைய விருதாக அறிவித்தார்கள். வீட்டில் ஈமக்கடன்கள் முடிந்தன. அவரோ சீனச் சிறையில் இருந்தார். 1963 மே மாதம் திரும்பி வந்தார். அரசு அறிவிப்பைத் திருத்தியது. அருணாசலத்தில் பும் லா கணவாய்க்கு அருகே நின்ற சுபேதார் ஜோகிந்தர் சிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காயத்தோடு சிறைப்பட்டு அங்கேயே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் சீனர்கள் ராணுவ மரியாதையோடு அஸ்தியை 1963 மே 17ஆம் தேதி ஒப்படைத்தார்கள். சுட்டவர்களும் எழுந்து நின்று வணங்க வேண்டியிருந்தது.

பதக்கம் பெரும்பாலும் போய்ச் சேருவது பெண்களின் கைக்கும் வயதான தகப்பன்மாரின் கைக்கும்தான். 1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தர் பக்கத்துக் கரும்புக் காட்டில், ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்து காசிப்பூர் மாவட்டத்தின் தாமுப்பூர்க் கிராமத்துக்காரர், தையற்காரரின் மகன். அந்த ஜீப்பிலேயே குண்டடிபட்டு இறந்தார். 1966 குடியரசு நாளில் அவருடைய மனைவி ரசூலன் பீவி டெல்லிக்கு வந்தார். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அன்றைய குடியரசுத் தலைவர். பதக்கத்தை அவர் கொடுத்தார். ஒரு கிராமத்துப் பெண் முகம் தெரியாத பெருங்கூட்டத்தின் முன்னால், கணவன் செத்த விதத்தை ஒலிபெருக்கியில் வாசிப்பதைக் கேட்டபடி நின்று, பின்பு நடந்து போய் ஒரு சின்னப் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கால் நடுங்காமல் நிற்பதற்குப் போர்க்களத்துத் துணிவு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தப் பதக்கத்தோடும் அந்தப் பெயரோடும் வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

1971இல் நான்கு. அவற்றில் ஒன்று ஜார்கண்டின் ஜாரி கிராமத்துக்குப் போனது. பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, கங்காசாகரில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை நேருக்கு நேர் போய் அடக்கி இறந்தார். உடல் திரிபுராவில், அகர்தலாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பதக்கம் வீட்டுக்கு வந்தது, மனிதர் வரவில்லை. கணவர் அடங்கியிருக்கும் இடத்து மண்ணையாவது ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் மனைவி பலமதீனா வெகுகாலம் கேட்டுக்கொண்டே இருந்தார். அது நிறைவேறப் பல பத்தாண்டுகள் ஆயின. நாடு ஒரு வீட்டுக்குப் பதக்கம் அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அந்த வீட்டாரின் கணக்கோ அங்கே முடிவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தில் தொண்டையில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணத்துக் கந்தரோடை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மகர் படைப்பிரிவின் 8ஆம் பட்டாலியன். பம்பாயில் பிறந்து, தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து, சென்னைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அதிகாரியாக வெளிவந்தவர். தேடுதல் முடிந்து இரவில் திரும்பும் வழியில் விடுதலைப் புலிகள் பதுங்கித் தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரே வந்தவரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார். கடைசி மூச்சுவரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய துணிவில் ஐயமே இல்லை. அதே வேளையில், அமைதிப்படை என்ற பெயரோடு போன படையால் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பட்ட துன்பமும் உண்மை. அங்கே பலருடைய வீடுகளில் அந்த ஆண்டின் நினைவு வேறு. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் படையை அங்கே அனுப்பிய முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது, கந்தரோடையின் இருட்டில் நின்ற 41 வயதுக்காரரால் அல்ல. பதக்கம் அந்த மனிதருக்கு உரியது, அந்த முடிவுக்கு உரியதல்ல.

அதே ஆண்டு ஜூன் மாதம் சியாச்சினில் இன்னொரு பதக்கம் பிறந்தது. 21,000 அடிக்கும் மேலான சிகரம் ஒன்றில் பாகிஸ்தான் படையினர் காவல்நிலை அமைத்திருந்தனர். முதலில் போன குழுவின் இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே வீழ்ந்தார். அவர் பெயரிலேயே அடுத்த நடவடிக்கை தொடங்கியது. நாயப் சுபேதார் பானா சிங்கும் நான்கைந்து பேரும் செங்குத்தான பனிச்சுவரைப் பனிப்புயலுக்கு நடுவே ஏறி, மேலிருந்த பதுங்குகுழிக்குள் கையெறி குண்டை வீசிக் கதவை மூடினார்கள். அந்தச் சிகரத்துக்கு இன்று அவர் பெயர். ஜம்முவின் எல்லைப்புற விவசாயக் குடும்பத்துக்காரரான அவருக்குப் பின்னாளில் மாநில அரசு கொடுத்த மாத உதவித்தொகை 166 ரூபாய். பக்கத்து மாநிலங்கள் தங்கள் வீரர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவந்த காலம் அது. 2006இல் பஞ்சாப் அரசு பணமும் நிலமும் தருகிறோம், எங்கள் மாநிலத்துக்கு வந்துவிடுங்கள் என்று அழைத்தது. சொந்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்று அவர் மறுத்தார். 166 ரூபாய் என்ற அந்தத் தொகையைக் கோப்பில் பார்த்த பிறகும் கையெழுத்திட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை எண்ணும்போது வரும் கோபத்தை மறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மத்திய அரசு பரம்வீர் சக்ரா பெற்றவர்களுக்குத் தரும் மாதத் தொகையை 2017இல்தான் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்த்தியது.

பதக்கத்தைவிடப் பெயர்கள் அதிகம் பயணம் செய்தன. 1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் பதினைந்துக்கு இவர்கள் பெயரை வைத்தது. முதல் கப்பல் மேஜர் சோம்நாத் சர்மா, 1984இல் கடலில் இறங்கியது. கடலுக்குத் தொலைவில் போரிட்ட வீரர்களின் பெயர்கள் கால் நூற்றாண்டு காலம் அயல்நாட்டுத் துறைமுகங்களில் நங்கூரமிட்டன. கப்பல்களுக்கு வயதாகி ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 2019 பிப்ரவரியில் டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டபோது 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே அமைந்தன. 2023 ஜனவரி 23ஆம் தேதி, அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 பெரிய தீவுகளுக்கு இவர்கள் பெயர் சூட்டப்பட்டது. அவற்றில் மிகப் பெரியதற்கு முதல் பதக்கம் பெற்ற சோம்நாத்தின் பெயர், அடுத்ததற்கு அடுத்தவர் பெயர் என்று வரிசை வைத்தார்கள். பரமேஸ்வரன் பெயரிலும் ஒரு தீவு இருக்கிறது.

கடைசி நான்கு பதக்கங்கள் கார்கிலுக்கு. அவற்றில் ஒன்றின் கதை தாப்பாவின் கதையைப் போலவே இருக்கிறது. டைகர் ஹில் சிகரத்தில் பல குண்டுகள் பாய்ந்தும் முன்னேறிய 18 கிரனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. அவருக்கும் மறைவுக்குப் பிந்தைய விருது என்றே முதலில் அறிவித்தார்கள். அதே பெயருடைய வேறொரு வீரர்தான் இறந்திருந்தார். இவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். பிழை திருத்தப்பட்டது. ஆண்டுதோறும் குடியரசு நாள் அணிவகுப்பில், பீரங்கிகளும் டாங்கிகளும் வருவதற்கு முன்னால், பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் திறந்த ஜீப்பில் வந்து குடியரசுத் தலைவருக்கு வணக்கம் செலுத்துவார்கள். 1999 போருக்குப் பிறகு யாருக்கும் இந்தப் பதக்கம் வழங்கப்படவில்லை. தீவுகளுக்குப் பெயர் சூட்டிய நாளில் அந்த ஜீப்பில் வரக்கூடியவர்கள் மூவர்தான் இருந்தார்கள்: பானா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார்.